பொருள்: நிலுவைத் தொகை – தொடர்பாக

எங்கள் கல்லூரியில் முதலாண்டு மாணவர்க்கான பொதுத்தமிழ்ப் பாடத்தில், ஐந்தாம் அலகின் வால்போல ஒட்டிக்கொண்டிருக்கும் பகுதி 'அலுவலக, வணிகக் கடிதங்கள்'. துறைக்கூட்டத்தில் பாடங்களைப் பங்கிட்டுக்கொள்ளும்போது சங்க இலக்கியத்துக்கும் சிலம்புக்கும் கம்பனுக்கும் போட்டி நிலவும். கடிதப் பகுதி மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கும். பெரும்பாலும் அவ்வாண்டு புதிதாக வந்து சேர்ந்த கௌரவ விரிவுரையாளரின் தலையில் அது விழும். அவரும் பருவத்தேர்வுக்கு முந்தைய வாரத்தில், கரும்பலகையின் இடப்பக்கம் 'அனுப்புநர்' என்றும் அதன்கீழ்ப் 'பெறுநர்' என்றும் எழுதிப்போட்டு ஒரே மணிநேரத்தில் முடித்துவிடுவார். சில ஆண்டுகளாக அப்பகுதியை நானே கேட்டு வாங்கி நடத்தி வருகிறேன். "புறநானூற்றை விட்டுவிட்டு மனு எழுதப் போய்விட்டீர்களே" என்று துறை நண்பர் ஒருவர் கேலி செய்வதுண்டு. அவருக்குச் சொல்ல வேண்டியதைச் சற்று விரிவாக இங்கே எழுதலாம் என்று தோன்றுகிறது.

கடிதம் என்றதும் இலக்கிய அன்பர்களாகிய நமக்கு நினைவில் வருவன வேறு கடிதங்கள். கி.ரா.வுக்குக் கு.அழகிரிசாமி எழுதியவை, புதுமைப்பித்தன் தம் துணைவியார் கமலாவுக்கு எழுதியவை, ரசிகமணியின் கடிதங்கள், கடித வடிவிலேயே மு.வ. எழுதிய நூல்கள் என்று ஒரு வரிசை உண்டு. இவையனைத்தும் நெஞ்சோடு நெஞ்சு பேசுவன. வணிகக் கடிதமோ அப்படியன்று. தன்னை நேரில் கண்டிராத, தன்மீது அன்பு கொள்ள வேண்டிய கடமை ஏதுமில்லாத, அன்றைக்கு இன்னும் முப்பது கடிதங்களைப் பிரிக்க வேண்டிய ஒருவரிடம் சென்று, ஒரு காரியத்தை முடித்துக்கொண்டு திரும்ப வேண்டிய தூதுவன் அது. இத்தகைய கடிதத்துக்குத் தமிழில் மரபே இல்லை, ஆங்கிலேயர் கொணர்ந்த படிவத்தைத்தான் நாம் மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம் என்று பலரும் எண்ணுகின்றனர். படிவத்தைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மை. கடிதத்தின் உள்ளியல்பைப் பொறுத்தவரை உண்மையன்று.

பதினோராம் திருமுறையின் தொடக்கத்தில் நிற்கும் திருமுகப்பாசுரத்தை நான் வகுப்பில் வணிகக் கடிதத்துக்கு முன்மாதிரியாக எடுத்துக்காட்டுவேன். மாணவர்கள் முதலில் சிரிப்பார்கள். ஆலவாய் அண்ணல் தம் அடியவனாகிய பாணபத்திரனின் வறுமை தீர்க்கும்பொருட்டுச் சேரமான் பெருமாளுக்கு எழுதி அனுப்பிய திருமுகம் அது என்பது மரபு. திருவிளையாடற் புராணத்தில் 'திருமுகம் கொடுத்த படலம்' என்றே ஒரு படலம் உண்டு. பத்தியைச் சற்றே ஒதுக்கிவைத்து, ஒரு பரிந்துரைக் கடிதமாக மட்டும் அதைப் படித்துப் பாருங்கள். அனுப்புபவர் எந்த ஊரிலிருந்து எழுதுகிறார், யார் என்பது முதலில் வந்துவிடுகிறது. அடுத்துப் பெறுபவர் யார் என்பது. அவரைப் புகழும் பகுதி உண்டு. ஆனால் வெறும் புகழ்ச்சியன்று. புலவர்க்கு மழைபோல் வழங்குபவன் என்று, கேட்கப்போகும் உதவிக்கு எந்தப் பண்பு தேவையோ அந்தப் பண்பு மட்டுமே எடுத்துச் சொல்லப்படுகிறது. அவனது படையையும் வீரத்தையும் விரித்துக்கொண்டு நிற்கவில்லை. பிறகு கடிதம் கொண்டு வருபவன் யார், அவனுக்கு என்ன தெரியும், எழுதுபவருக்கும் அவனுக்கும் என்ன உறவு என்ற விவரம். கடைசியில் கோரிக்கை: பொருள் கொடுத்துத் திருப்பி அனுப்புக. அவ்வளவுதான். ஒரு சிறிய அகவலில் முடிந்துவிடுகிறது. இறைவனே எழுதினாலும் முகவரியும் அறிமுகமும் கோரிக்கையும் வேண்டியிருக்கின்றன என்று சொல்லும்போது வகுப்பு சற்றே நிமிர்ந்து உட்காரும்.

'திருப்பி அனுப்புக' என்ற அந்தக் கடைசிப் பகுதியை நான் மிகவும் வியப்பதுண்டு. பொருள் கொடு என்பதோடு நிறுத்தியிருந்தால், சேரமான் அவனைத் தன் அவையிலேயே வைத்துக்கொண்டிருக்கக்கூடும். கொடுக்கவும் வேண்டும், அவன் மதுரைக்கு மீளவும் வேண்டும். கடிதம் எழுதுபவர் தமக்கு வேண்டிய முடிவை இறுதிவரை எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறார்.

இதற்கு நேர்மாறான கடிதம் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. மாதவி கோவலனுக்கு இரு முறை ஓலை அனுப்புகிறாள். வேனிற்காதையில் வசந்தமாலை கொண்டுசென்ற முதல் மடலைக் கோவலன் வாங்கவே மறுத்துவிடுகிறான். புறஞ்சேரி இறுத்த காதையில் கோசிகன் கொணரும் இரண்டாவது ஓலையை வாங்குகிறான். அதன் மண் இலச்சினையில் படிந்திருந்த கூந்தல் நெய்யின் மணமே, பிரிப்பதற்கு முன்னால் அனுப்பியவர் யாரென்று அவனுக்கு உணர்த்திவிடுகிறது. படித்ததும் அவள்மீது பிழையில்லை என்று தெளிகிறான். அதன்பின் நடப்பதுதான் விந்தை. அக்கடிதத்தின் வாசகம் தன் பெற்றோருக்குத் தான் எழுத வேண்டிய வாசகமாகவும் பொருந்துவதைக் கண்டு, அதையே அவர்களிடம் காட்டுமாறு கோசிகனிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். இன்று மின்னஞ்சலில் 'ஃபார்வர்டு' செய்வதுபோலத்தான். பெறுநர் மாறினாலும் பொருந்துகிற கடிதம் காப்பியத்தில் பேரழகு. வணிகத்தில் அது ஆபத்து. இன்ன தேதியில், இன்ன எண்ணுள்ள பட்டியலின்படி, இன்னாருக்கு அனுப்பிய சரக்கு என்று ஆணியடித்து வைக்காத கடிதம் யாருக்கும் எழுதப்படாத கடிதமாகிவிடுகிறது.

இடைக்காலத்துக் கடிதங்களைப் பற்றியும் ஒரு சொல். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் நம் ஊர்க் கடைக்காரர்களும் லேவாதேவிக்காரர்களும் எழுதிய கடிதங்களைப் பழைய பெட்டிகளில் கண்டவர்கள் அறிவார்கள். தலைப்பில் பிள்ளையார் சுழி. 'மகாராஜராஜஸ்ரீ' என்று தொடங்கும் நீண்ட விளி. நலம், நலமறிய அவா. பிறகு தனியாக ஒரு சொல்: 'நிற்க'. வியங்கோள் வினைமுற்றான இந்த ஒற்றைச் சொல் செய்த வேலையை நாம் போதிய அளவு மதிக்கவில்லை என்பது என் எண்ணம். இதுவரை சொன்ன உபசாரம் நிற்கட்டும், இனி வருவது காரியம் என்று படிப்பவரின் தோளைத் தட்டிச் சொல்லும் சொல் அது. இன்று பத்தி பிரித்தும், தடித்த எழுத்தில் 'பொருள்' என்று போட்டும் நாம் செய்வதை அவர்கள் ஒரு சொல்லில் செய்துவிட்டார்கள். நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய் ஆகியவற்றுக்கு ௳, ௴, ௵, ௶, ௷, ௸, ௹ என்று குறியீடுகளும் வைத்திருந்தார்கள். இவை இன்று ஒருங்குறியில் இடம்பெற்றிருக்கின்றன. ஆனால் இவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். எழுத்துக்கூட்டலில் ஆயிரம் பிழை இருந்தாலும் அக்கடிதங்களில் தொகையிலும் தேதியிலும் பிழை காண்பது அரிது.

1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பின் அலுவலகத் தமிழ் என்றொரு நடை உருவாயிற்று. கீ. இராமலிங்கனார் போன்றோர் அதற்காக உழைத்ததை மறுக்க இயலாது. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்ற நான்கு தலைப்புகளும் அருமையானவை. 'பார்வை' என்பதை மாணவர்கள் பொருட்படுத்துவதில்லை. முன்பு நடந்த கடிதப் போக்குவரத்தின் எண்ணையும் நாளையும் குறிக்கும் இடம் அது. அரசு அலுவலகக் கடிதமாயின் அதன் தலைப்பிலுள்ள ந.க. எண்ணை இங்கே எழுதாமல் விட்டால், நம் கடிதம் எந்தக் கோப்பில் சேர வேண்டும் என்று தேடுவதிலேயே வாரங்கள் கழிந்துவிடும்.

இடையில் ஓர் இலக்கணக் குறிப்பு; தமிழாசிரியன் என்பதால் பொறுத்தருள்க. 'அனுப்புனர்' என்றும் 'பெறுனர்' என்றும் எழுதுவது பெருகிவிட்டது. அனுப்பு, பெறு, ஓட்டு, இயக்கு முதலிய வினையடிகளோடு சேர்வது 'நர்' விகுதி. ஆகவே அனுப்புநர், பெறுநர், ஓட்டுநர், இயக்குநர் என்பனவே சரி. உறுப்பு என்னும் பெயரோடு 'இனர்' சேர்ந்து உறுப்பினர் ஆவதைப் பார்த்து மயங்கியதால் வந்த குழப்பம் இது. கடிதத்தின் முதற்சொல்லே பிழையாக அமைந்தால் பெறுபவருக்கு ஒன்றும் நேர்ந்துவிடாதுதான். ஆனாலும் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

தலைப்புகளைத் தாண்டி உள்ளே போனால்தான் துன்பம் தொடங்குகிறது. 'ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்ற தொடரைத் தமிழ்நாட்டில் எத்தனை இலட்சம் பேர் எழுதியிருப்பார்கள்! 'ஆவன' என்றால் ஆகக்கூடியவை. எது ஆகக்கூடியது, எது ஆகாதது என்று முடிவு செய்யும் உரிமையை முழுவதுமாகப் பெறுநரின் கையில் ஒப்படைத்துவிட்டு, அதையும் தாழ்மையோடு ஒப்படைக்கிறோம். 'ஆவன செய்யப்பட்டது' என்று அவர் பதில் எழுதிவிட்டால் நமக்குக் கேள்வி கேட்க இடமில்லை. 'செய்யப்பட்டது' என்பதில் செய்தவர் யார் என்பதும் இல்லை. செயப்பாட்டு வினை தமிழில் முன்னரே உண்டெனினும், எழுவாயை ஒளித்துவைக்கும் கருவியாக அது வளர்ந்தது அலுவலகக் கோப்புகளில்தான். அதுபோலவே 'தங்கள் உண்மையுள்ள' என்று ஒரு முடிவு. ஆங்கிலத்தின் நேர் பெயர்ப்பு. பெயரெச்சம் ஒன்று பெயரைத் தேடிக்கொண்டு காற்புள்ளியின் முன்னால் அந்தரத்தில் தொங்குகிறது. 'இப்படிக்கு' என்ற எளிய பழஞ்சொல் இருக்க இது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. தேர்வில் இதற்கு மதிப்பெண் உண்டு என்பதால் மாணவர்களைத் தடுப்பதுமில்லை.

இனி, 2023ஆம் ஆண்டில் என்னிடம் வந்த ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் பழைய மாணவி ஒருவர் சென்னிமலைப் பக்கத்தில் கணவருடன் சேர்ந்து நான்கு தறிகள் வைத்துப் படுக்கை விரிப்பு நெய்து விற்று வருகிறார். இளங்கலைத் தமிழ் படித்தவர். வகுப்பில் நன்றாக எழுதக்கூடியவர், கவிதைகளும் எழுதிவந்தார். வெளியூரிலுள்ள ஒரு துணிக்கடைக்கு மூன்று தவணையாக அனுப்பிய சரக்குக்குப் பணம் வரவில்லை. 12.12.2022, 20.01.2023, 06.03.2023 ஆகிய நாள்களிட்ட மூன்று பட்டியல்கள். 62,400, 71,800, 50,400. மொத்தம் 1,84,600 ரூபாய். பெரிய ஆலைக்கு இது ஒரு நாள் செலவாக இருக்கலாம். நான்கு தறிக்காரருக்கு அது நூல் வாங்கும் முதல். நூல் வியாபாரி கடன் தர மறுத்துவிட்டார். இரண்டு தறிகள் நின்றுவிட்டன. தாலிக்கொடி தவிர மற்ற நகைகள் அடகுக் கடைக்குப் போய்விட்டன. தொலைபேசியில் அழைத்தால் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்ற பதில்தான். கடிதம் எழுதிப் பார்க்கலாம் என்று ஒரு வரைவு எழுதிக்கொண்டு என் வீட்டுக்கு வந்திருந்தார்.

வரைவு இரண்டரைப் பக்கம். நலம் விசாரித்துத் தொடங்கி, இரு குடும்பத்தாருக்கும் உள்ள பல ஆண்டுப் பழக்கத்தை நினைவுபடுத்தி, நெசவுத்தொழில் நலிந்துவருவதைச் சொல்லி, மாமனாரின் அறுவை மருத்துவச் செலவைச் சொல்லி, கூலிக்காரர்களின் வீட்டு அடுப்பைச் சொல்லி, 'ஆகவே எங்கள் நிலையறிந்து தாங்கள் ஆவன செய்யுமாறு' என்று முடிந்திருந்தது. படிக்கையில் கண் கலங்கியது. ஒவ்வொரு வரியும் உண்மை. ஆனால் அந்த இரண்டரைப் பக்கத்தில் 1,84,600 என்ற எண் எங்குமே இல்லை.

"தொகையை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டேன்.

"அவருக்குத்தான் தெரியுமே ஐயா. காசு காசுன்னு எழுதுனா நல்லாவா இருக்கும்?"

இந்த ஒரு விடையில் நம் சமூகத்தின் கூச்சம் முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குப் பட்டது. கொடுக்க வேண்டியவர் கூசாமல் இருக்க, பெற வேண்டியவர் கூசுகிறார். நன்னூலார் நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றங்களில் 'குன்றக் கூறல்', 'மற்றொன்று விரித்தல்' இரண்டும் ஒருங்கே இருந்த வரைவு அது. அவர் மனம் நோகுமே என்று இதை நான் சொல்லவில்லை. பட்டியல்களை எடுத்து மேசையில் வைக்கச் சொன்னேன். மூன்றையும் ஒரு சிறு அட்டவணையாக எழுதினோம்: பட்டியல் எண், நாள், சரக்கு விவரம், தொகை. அடியில் கூட்டுத்தொகை, எண்ணாலும் எழுத்தாலும். எழுத்தால் எழுதியபின் 'மட்டும்' என்று முடிப்பது ஏன் என்று கேட்டார். பின்னால் யாரும் ஒரு சொல்லைச் சேர்த்து நீட்டிவிடாதிருக்க, வேலியின் படலைச் சாத்துவதுபோல என்றேன்.

சட்டம் இத்தகையோருக்கு ஆதரவாகவே இருக்கிறது. குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006இன்படி, பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கை ஏற்றுக்கொண்டவர், எழுத்தில் உடன்பாடு இருந்தாலும் 45 நாள்களுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்க முடியாது. உடன்பாடு இல்லையெனில் 15 நாள்கள்தாம். மீறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டிவீதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டியாக, கொடுக்க வேண்டும். இவர்களிடம் உத்யம் பதிவும் இருந்தது. இதைக் கேட்டதும் அவர் கணவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. வட்டியைக் கணக்கிட்டுக் கடிதத்தின் முதல் வரியிலேயே போட்டுவிடலாம் என்றார்.

அம்மாணவிதான் மறுத்தார். "நாளைக்கும் அவருக்குத்தான் சரக்குப் போடணும் ஐயா. முதல் கடுதாசியிலயே கோர்ட்டுன்னு எழுதுனா, பணம் வந்தாலும் கடை போயிடும்."

அவர் சொன்னதே சரி. வணிகக் கடிதம் எழுதுவதில் மொழியறிவைவிடக் கடினமான பகுதி இதுதான். பாடநூல்களில் இது இல்லை. பணத்தைக் கேட்க வேண்டும், ஆளை இழக்கக் கூடாது. கெஞ்சவும் கூடாது, அதட்டவும் கூடாது. வட்டி என்ற சொல்லை இரண்டாவது கடிதத்துக்கென்று எடுத்துவைத்தோம். ஆனால் கடிதத்தின் தலைப்பில் நிறுவனப் பெயருக்குக் கீழே உத்யம் பதிவெண்ணை மட்டும் அச்சிடச் சொன்னேன். புரிந்துகொள்ள வேண்டியவர் புரிந்துகொள்வார்.

இறுதியில் அமைந்த கடிதம் ஏறத்தாழ இப்படி இருந்தது:

"பொருள்: மூன்று பட்டியல்களுக்கான நிலுவைத் தொகை ரூ. 1,84,600 – தொடர்பாக.

ஐயா, வணக்கம். கீழ்க்காணும் மூன்று பட்டியல்களின்படி தங்கள் கடைக்கு அனுப்பிய படுக்கை விரிப்புகளுக்கான தொகை ரூ. 1,84,600 (ரூபாய் ஒரு இலட்சத்து எண்பத்து நான்காயிரத்து அறுநூறு மட்டும்) இன்றுவரை எங்களுக்கு வந்து சேரவில்லை. இத்தொகையை 10.08.2023ஆம் நாளுக்குள் கீழுள்ள வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டுகிறோம். கணக்கில் வேறுபாடு ஏதேனும் தங்களுக்குத் தோன்றினால், அதனை அதே நாளுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள், சரிபார்த்துத் தருகிறோம். கணக்கு சரியெனில், இணைத்துள்ள படியில் கையொப்பமிட்டு அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம். தீபாவளிக்கான புதிய வடிவங்கள் தறியில் உள்ளன. மாதிரிகளை அடுத்த மாதம் அனுப்புகிறோம்."

அவ்வளவுதான். மாமனாரின் அறுவை மருத்துவம் இதில் இல்லை. அதை நீக்கும்போது அவர் சற்றுத் தயங்கினார்; எனக்கும் தயக்கம்தான். ஒருவருடைய துயரத்தை அடித்து நீக்குவது எளிய காரியமன்று. ஆனால் துயரத்தைச் சொன்னால், கொடுப்பவர் இரக்கத்தால் கொடுப்பவராகிவிடுவார். இரக்கம் எவ்வளவு, எப்போது என்பதை அவரே முடிவு செய்வார். இது அவர் இரங்கித் தர வேண்டிய பணமன்று.

கையொப்பம் கேட்ட வரியைப் பற்றிச் சிலர் ஐயுறலாம். விற்ற சரக்கின் விலைக்காக வழக்குத் தொடுக்க 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் தரும் காலம் மூன்று ஆண்டுகள். அந்தக் காலத்துக்குள் கடன்பட்டவர் 'இவ்வளவு தர வேண்டியிருக்கிறது' என்று எழுதிக் கையொப்பமிட்டுவிட்டால், அச்சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி அந்த நாளிலிருந்து புதிதாகக் காலக்கணக்கு தொடங்கும். ஊர் வியாபாரிகள் ஆண்டுதோறும் 'பேலன்ஸ் கன்பர்மேஷன்' என்று அனுப்புவது இதற்காகத்தான். தொலைபேசியில் நூறு முறை 'தருகிறேன்' என்று சொன்னது இதற்கு உதவாது.

ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவு அஞ்சலில் 24.07.2023 அன்று அனுப்பினார். (2025இல் பதிவு அஞ்சல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது, தந்தி 2013 சூலையிலேயே போய்விட்டது. அஞ்சலகத்தில் நமக்குப் பழக்கமான சொற்கள் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன.) பெற்றுக்கொண்டவரின் கையொப்பத்தோடு அட்டை திரும்பி வந்தது. அதை மூன்று பட்டியல்களோடும் கடிதப் படியோடும் சேர்த்து ஒரே உறையில் வைக்கச் சொன்னேன். கடிதத்துக்குப் படி வைத்துக்கொள்ளாதவர் கடிதமே எழுதாதவருக்குச் சமம்.

பதினோராம் நாள் பதில் வந்தது. ஒரு இலட்சம் ரூபாய் கணக்கில் செலுத்தப்பட்டிருந்தது. கூடவே ஒரு கடிதம்: மூன்றாம் பட்டியலின் 120 விரிப்புகளில் 18 விரிப்புகள் சாயம் போவதாக வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்துவிட்டனர், வரி உட்பட ஒன்று 420 ரூபாய் வீதம் 7,560 ரூபாயைக் கழித்துக்கொண்டு, மீதி 77,040 ரூபாயை இரண்டு தவணையில் தருகிறோம். அடியில் கடைக்காரரின் கையொப்பமும் முத்திரையும்.

மாணவி கொதித்துப்போய் என்னை அழைத்தார். "ஆறு மாசமா சாயத்தப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல ஐயா. இப்பப் பணம் கேட்டதும் சாயம் போகுதாம்!" கோபம் நியாயமானதே. எனக்கோ அக்கடிதத்தைக் கண்டதில் மகிழ்ச்சி. 77,040 ரூபாய் தர வேண்டியிருக்கிறது என்று அவரே கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டார் அல்லவா? இதை விளக்கியபின், அந்தச் சாயக் குற்றச்சாட்டுக்கு என்ன பதில் எழுதுவது என்ற கேள்வி வந்தது. மறுத்து எழுதலாம்; ஆனால் தெரியாமல் மறுக்கக் கூடாது. மீதமிருந்த அதே பாவு விரிப்பு ஒன்றை அவர் வெந்நீரில் நனைத்துப் பார்த்தார். தண்ணீர் சிவந்தது.

ஆகவே இரண்டாவது கடிதத்தில் வட்டி ஏறவில்லை. தொகை 1,00,000 ரூபாய் வரப்பெற்றோம். 18 விரிப்புகளைத் திருப்பி அனுப்புங்கள், வந்ததும் 7,560 ரூபாய்க்குக் கிரெடிட் நோட் தருகிறோம். அந்தப் பாவுக்கு வேறு சாயப்பட்டறையில் சாயமிட்டோம், இனி அங்கே கொடுக்கமாட்டோம். மீதி 77,040 ரூபாயை 31.08.2023, 30.09.2023 ஆகிய நாள்களில் 38,520 வீதம் செலுத்துங்கள் என்று எழுதினார். 'வருந்துகிறோம்' என்ற சொல்லை ஓரிடத்தில் மட்டும் வைத்தார், சாயத்தைப் பற்றிய வரியில். அந்தச் சொல் அந்த இடத்தில் மிகச் சரியாக உட்கார்ந்திருந்தது. இக்கடிதத்தில் நான் திருத்தியது ஒரே ஒரு தேதியைத்தான்.

இவையெல்லாம் வாட்ஸ்அப்பிலேயே அனுப்பிவிடலாமே என்று இன்றைய மாணவர்கள் கேட்கிறார்கள். அனுப்பலாம்; தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 மின்னணுப் பதிவுகளை ஏற்கத்தான் செய்கிறது. ஆனால் நீதிமன்றம்வரை போக நேர்ந்தால், 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழை இணைக்க வேண்டும். கைப்பேசி தொலைந்து, உரையாடலும் அழிந்து போனால் அதற்கும் வழியில்லை. என் வாதம் அதுவன்று. குறுஞ்செய்தியில் எழுதுகிறவர் ஒரு வரி எழுதி, அனுப்பி, அடுத்ததை நினைத்து, அதையும் எழுதி அனுப்புகிறார். தொகை ஒரு செய்தியில், தேதி இன்னொன்றில், இடையில் ஒரு கும்பிடும் கை. பெறுநர் தமக்கு வசதியான வரிக்கு மட்டும் பதில் சொல்லி நழுவிவிடுகிறார். ஒரு தாளில் எழுதி முடித்து, தலையிலிருந்து கால்வரை ஒருமுறை படித்து, பிறகு அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் எனக்கு மறுப்பில்லை. மின்னஞ்சலாயின் பொருள் வரியை வெற்றாக விடாதிருந்தால் போதும். எனக்கு மாணவர்களிடமிருந்து வரும் மின்னஞ்சல்களில் பாதிக்கு மேல் பொருள் வரியின்றியே வருகின்றன. இணைப்பு மட்டும் வந்து நிற்கும், யார் பெற்ற பிள்ளையோ என்று.

'பொருள்' என்ற சொல்லைத் தேர்ந்தவர் யாராயினும் அவரை வணங்குகிறேன். செய்தியும் அதுவே, அர்த்தமும் அதுவே, செல்வமும் அதுவே.

தவணைகளில் முதலாவது சொன்ன நாளில் வந்தது. இரண்டாவது ஒன்பது நாள் தாமதமாக, இடையில் ஒரு நினைவூட்டுக் கடிதத்துக்குப் பின், வந்தது. நின்றுபோன இரண்டு தறிகளில் ஒன்று தீபாவளிக்கு முன்பே ஓடத் தொடங்கியது. மற்றதற்கு நூல் வாங்கப் பொங்கல்வரை ஆயிற்று. பணம் முழுவதும் வந்து சேர்ந்ததும் அவர் அக்கடைக்கு எழுதிய கடிதத்தை முன்கூட்டி என்னிடம் காட்டவில்லை. அனுப்பிய பிறகு படியொன்றை எனக்கு அனுப்பியிருந்தார். மூன்றே வாக்கியங்கள்: தொகை முழுவதும் வரப்பெற்றோம், மேற்படி மூன்று பட்டியல்களும் தீர்ந்தன, புதிய விலைப்பட்டியல் இத்துடன் உள்ளது, இனி முன்பணம் பாதி. அதில் ஒரு சந்திப்பிழை இருந்தது. நான் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.